அடுக்குப் பார்க்காத ஆய்வேடு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால், வாழைச்சேனை, மாங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை எல்லாம் தாண்டிக் கதிரவெளி வரும். இன்னும் வடக்கே போனால் வெருகல் ஆற்றோடு மாவட்டம் முடிந்துவிடும். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வுப் பொருள் தேடுகிறவருக்கு இந்தக் கரையோரத் துண்டில் எடுக்க எடுக்கக் குறையாத விடயம் இருக்கிறது. இலங்கையில் பெருங்கற்காலப் பண்பாட்டின் ஈமச் சின்னங்கள் உள்ள இடங்களை எண்ணும் தொல்லியலாளர்கள், மேற்குக் கரையில் பொம்பரிப்பைச் சொன்னால் கிழக்குக் கரையில் கதிரவெளியைச் சொல்வார்கள். தமிழ் பேசும் கரையோர வேடரின் ஊர்கள் இந்தச் சுற்றாடலில்தான் இருக்கின்றன. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலிலேயே அவர்களுக்கு இடமுண்டு. 2004 திசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையைத் துடைத்தெடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள்.

தொல்லியலுக்கும், மானிடவியலுக்கும், அனர்த்த முகாமைத்துவத்துக்கும், போருக்குப் பிந்திய சமூகத்தைப் படிக்கிறவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. படிவத்தோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் வந்து போனவர்களும் கொஞ்சப் பேர் அல்லர். அவர்களுடைய ஆய்வேட்டை, அது கடைசி வடிவம் பெறுவதற்கு முன்னால், யார் படிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பொது நடைமுறையைச் சொல்கிறேன். மாணவர் மூன்று நான்கு ஆண்டுகள், பலர் அதற்கும் அதிகமாக, ஆய்வு செய்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுக்கிறார். முதுதத்துவமாணியாகப் பதிந்தவர் என்றால் இடையில் ஒரு கருத்தரங்கு வைத்துக் கலாநிதிப் பதிவுக்குத் தரமுயர்த்திக்கொள்கிறார். எழுதி முடிக்கும் தறுவாயில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். பீடம் பரீட்சகர்களின் பெயர்களை முன்மொழிய, மூதவை அங்கீகரிக்கிறது. தற்காலிகக் கட்டில் சில பிரதிகள் போகின்றன. பரீட்சகர்கள் படித்து அறிக்கை எழுதுகிறார்கள். வாய்மொழிப் பரீட்சை நடக்கிறது. அப்படியே ஏற்கலாம், சிறு திருத்தம் வேண்டும், பெருந்திருத்தம் வேண்டும், திரும்ப எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஏதோவொரு முடிவு வருகிறது. திருத்தி, தடித்த அட்டை போட்டு, பொன்னெழுத்தில் தலைப்பு அச்சிட்டு நூலகத்தில் வைக்கிறார்கள்.

இந்த வரிசையில் மிகப் பெறுமதியான கட்டம் தற்காலிகக் கட்டில் பிரதி கிடக்கிற அந்தச் சில மாதங்கள்தான். ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தையும் அப்போது இன்னும் மாற்றலாம். அதே சமயம் முழு வேலையும் ஒரு வாசகரின் முன்னால் முதன்முதலாக ஒன்றாகக் கிடக்கிறது. மேற்பார்வையாளர் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்துப் பழகிப்போனவர். அவருக்கு அது புதிதாகத் தெரியாது. வெளியிலிருந்து வருகிற பரீட்சகருக்குத்தான் மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னதை ஆறாம் அத்தியாயம் மறுப்பது பளிச்சென்று படும். ஆனாலும் இந்தக் கட்டத்தை நாம் தபால் வேலை போலத்தான் நடத்துகிறோம். பரீட்சகரின் அறிக்கைக்காக மாணவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். சிலருக்கு ஒரு வருடமும் தாண்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவியுயர்வும் இல்லை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள், சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்கின்றன. வெளிப் பரீட்சகர் இருவராவது இருக்க வேண்டும். சமர்ப்பிப்பதற்கு முன்னால் துறையாரும் மற்ற ஆய்வு மாணவர்களும் கூடியிருக்கும் அவையில் ஆய்வை முன்வைத்து, அங்கே வருகிற கருத்துகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018இன் கருத்துத்திருட்டு விதிகள் இன்னும் கறாரானவை: ஒப்புமை பத்து வீதம் வரை தண்டனை இல்லை, பத்திலிருந்து நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும், நாற்பதிலிருந்து அறுபது வரை என்றால் ஓராண்டுத் தடை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. இவை நல்ல விதிகள்தான். ஆனால் மென்பொருள் சொற்களைத்தான் எண்ணும். ஆங்கில நூலொன்றின் வாதத்தை முழுசாகத் தமிழாக்கி வைத்தாலும் அது லேசில் பிடிபடாது. கதிரவெளிக் கிழவியொருத்தி சொன்னதைத் தப்பாக விளங்கிக்கொண்டு எழுதினால் ஒப்புமை பூச்சியம் வீதம் என்று சான்றிதழ் வரும்.

விடயம் தெரிந்தவர்கள் கண்ணில் படாமலே பிழை தப்பிப்போகும் இந்தச் சிக்கலுக்கு மட்டக்களப்பார் வேறோர் இடத்தில் வழி கண்டிருக்கிறார்கள். வடமோடியோ தென்மோடியோ, ஓர் ஊரில் கூத்துப் பழக்குவதென்றால் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் முதலில் ஆளுக்கு ஆள் பார்த்து, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமுமான சட்டத்தைக் கொடுப்பார். பிறகு ஆடுகளமான களரியில் மாதக்கணக்கில் பழக்கம். பிறகு சதங்கை அணிதல். அரங்கேற்றத்துக்கு முன்னால் அடுக்குப் பார்த்தல் என்று ஓர் இரவு வரும். முழுக் கூத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஊராருக்கு முன்னால் ஆடிப் பார்க்கிற இரவு அது. முந்தின தலைமுறையில் அதே கூத்தை ஆடிய கிழவர்கள் களரியைச் சுற்றி இருப்பார்கள். அடி பிசகினாலும், தருவில் ஒரு வரி விட்டுப்போனாலும் அவர்களுக்குத் தெரியும். அண்ணாவியார் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்த இரவைத் தாண்டாமல் அரங்கேற்றத்துக்குப் போக முடியாது. ஆய்வேட்டின் முன்பரீட்சை என்று நான் நினைப்பது இதைத்தான். தெரிந்தவர்கள் முன்னால், திருத்த நேரமிருக்கும்போதே, முழுசாக ஆடிக் காட்டுவது.

கூத்தின் இந்தப் படிமுறைகளைக் கல்வியுலகத்துக்கு முறையாகக் கொண்டுபோனதும் ஒரு கலாநிதி ஆய்வேடுதான். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1983இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1960களில் பேராதனையில் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடியவர் அவர். தான் ஆடிய கலையைத்தான் ஆராய்ந்தார். ஆகவே அந்த ஆய்வேட்டுக்கு ஒருவகையில் ஊரே முதல் பரீட்சகர். அண்ணாவிமார் சொன்னது ஒன்றும் அவர் எழுதியது வேறொன்றுமாக இருந்திருந்தால், அடுத்த முறை களரிக்குப் போகும்போது முகத்துக்கு நேரே கேட்டிருப்பார்கள். அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது 1998இல். ஆய்வேட்டுக்கும் நூலுக்கும் இடையில் கிழக்கில் என்னென்ன நடந்தன என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990 செப்டம்பரில், அகதி முகாமாகியிருந்த வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்தே 158 பேர் கொண்டுபோகப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். நூல் வந்த பிறகும் அது ஓயவில்லை: 2006 திசம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். ஆய்வு என்பது மேசையும் மின்விளக்கும் மட்டும் கேட்கிற வேலை அல்ல.

எல்லா ஆய்வேட்டுக்கும் மௌனகுருவுக்குக் கிடைத்த வாய்ப்பு இல்லை. இலங்கையின் பெருங்கற்காலப் பண்பாட்டைப் பற்றி சி. க. சிற்றம்பலம் எழுதிய கலாநிதி ஆய்வேடு 1980இல் பூனே பல்கலைக்கழகத்துக்குப் போனது. அக்கரைப்பற்றுத் தமிழரையும் முஸ்லிம்களையும், அவர்களுடைய தாய்வழிக் குடிகளையும் பற்றி டெனிஸ் மக்கில்ப்ரே எழுதிய ஆய்வேடு 1974இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. அவருடைய பெருநூல் வந்தது 2008இல். மண்டூர்க் கோயிலைப் பற்றிய மார்க் விற்றக்கரின் நூல் 1999இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மக்கில்ப்ரே சேர்த்து வைத்த குடி விபரங்கள் இல்லாவிட்டால் இன்று நம்மிடம் பலவற்றுக்குப் பதிவே இருக்காது. ஆனால் பரீட்சித்தவர்கள் பூனேயிலும் சிக்காகோவிலும் இருந்தார்கள். கோட்பாட்டை அவர்களால் உரைத்துப் பார்க்க முடியும். இந்தக் குடிக்கு இந்த முறை, இந்தக் கோயிலில் இவருக்கு இந்த வரிசை என்று எழுதியிருப்பது சரிதானா என்று பார்க்க அவர்களிடம் என்ன இருந்தது? மேற்பார்வையாளருக்கும் இது பொருந்தும். ஈழத்துத் தமிழறிஞர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தார்கள். சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகப் பாடலோடு வைத்துப் பார்க்கும் கண்ணை தொம்சன் கொடுத்தார். தமிழ்ப் பாட்டின் பொருளுக்குப் பொறுப்பை அவர்கள்தான் சுமந்தார்கள். அவ்வளவு பெரியவர்களால் சுமக்க முடிந்ததை இன்றைய மாணவர் எல்லோர் தலையிலும் ஏற்றிவிட முடியாது.

வட ஐரோப்பாவின் வழக்கமொன்று எனக்குப் பிடிக்கும். பின்லாந்தில் ஆய்வேடு முதலில் இரண்டு முன்பரீட்சகர்களிடம் போகும். அவர்கள் வெளியாட்கள். இருவரும் எழுத்தில் கருத்துச் சொல்லி, பீடம் அனுமதித்த பிறகுதான் பகிரங்க வாதம். அந்த வாதத்தில், நியமிக்கப்பட்ட எதிர்வாதி கேட்டு முடித்ததும், ஆய்வாளர் சபையை நோக்கித் திரும்பி, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று அழைக்க வேண்டும். மீனவரும் எழும்பலாம், தாதியும் எழும்பலாம். சுவீடனில் வாதத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆய்வேட்டை ஆணியடித்துத் தொங்கவிடும் சடங்கு இன்றும் உண்டு. எவரும் எடுத்துப் படிக்கலாம் என்பதற்கான அறிவிப்பு அது. நம்முடைய வாய்மொழிப் பரீட்சை பெரும்பாலும் மூடிய அறைக்குள் நடக்கிறது. திறந்து வைத்தாலும், ஆங்கிலத்தில் நடக்கும் பரீட்சைக்குக் கதிரவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து யார் என்ன கேட்பார்?

ஆகவே ஊருக்குத்தான் ஆய்வேடு போக வேண்டும். தற்காலிகக் கட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால், களத்தைப் பற்றிய அத்தியாயங்களின் சாரத்தைத் தமிழில் எழுதி, அந்த ஊர் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ வாசிக்கலாம். முதலில் எதிர்ப்புச் சொல்லப்போவது ஆய்வறநெறிக் குழுதான் என்று தெரியும். தகவல் தந்தவர் யாரென்று பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அது நியாயமான பயம். போர்க்காலத்தில் யார் யாரை எங்கே கண்டார் என்ற சாட்சியத்தை ஊர்க் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. சாதி, குடி பற்றிய பேச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியான பகுதிகளைச் சொன்னவரிடமே தனியாகப் போய் வாசித்துக் காட்டலாம். ஆனால் ஈமக் கற்கள் எந்தக் காணியில் கிடந்தன, சுனாமிக்கு முன் கரைவலைப் பாடுகள் எப்படிப் பிரிந்திருந்தன, இடம்பெயர்ந்தவர்கள் எந்தப் பாதையால் போனார்கள் என்பவற்றை மறைத்துக் காப்பாற்ற என்ன இருக்கிறது? பிழை வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஊரார் சொல்வதெல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வேடர் விடயத்தையே எடுத்துக்கொள்ளலாம். யுவி தங்கராஜா 1995இல் வெளியான கட்டுரையொன்றில், கிழக்குக் கரையோர வேடரின் அடையாளத்தைப் பாதிக்கப்பட்டோர் என்ற கதையாடலோடு சேர்த்து ஆராய்ந்தார். ஒரே குடும்பத்தில் ஒருவர் தன்னை வேடர் என்பார், இன்னொருவர் தமிழர் என்று மட்டும் சொல்வார். ஆய்வாளர் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினால் அங்கேயே சச்சரவு வரலாம். வரட்டும். ஊர் மறுத்ததற்காக ஆய்வாளர் தன் முடிவைக் கைவிட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாசித்த நாள், வந்தவர்கள் எத்தகையவர்கள், எதைத் திருத்தச் சொன்னார்கள், எதைத் திருத்தினேன், எதை ஏன் திருத்தவில்லை என்பவற்றைச் சில பக்கங்களில் எழுதி ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். பீடங்கள் இதைக் கட்டாயமாக்குவதற்குப் புதிய குழுவோ நிதியோ தேவையில்லை. சமர்ப்பிப்புப் படிவத்தில் ஒரு வரி போதும். வந்தாறுமூலையிலிருந்து கதிரவெளிக்குப் போய்வர ஒரு நாள் போதும்.

அந்தப் பின்னிணைப்புக் கையில் இருந்தால் பூனேயிலோ பர்மிங்காமிலோ இருக்கிற பரீட்சகருக்கும் வேலை எளிதாகும். கதிரவெளியை அவர் கண்டிருக்கத் தேவையில்லை. ஊர் எங்கே மறுத்தது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, இதற்கு உங்கள் பதில் என்ன என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்கலாம்.