துளியும் குடமும்

நுழையும்முன்

ஒரு பொருளின் இயல்பை அறிய அதன் முழு அளவையும் ஆராய வேண்டுமா? சிறு பகுதியை ஆராய்ந்தால் போதுமா? இவ்வினாவிற்கு அறிவியல் கூறும் விடை, பால் விற்று வாழும் எளிய குடும்பங்களின் வருவாயோடும் தொடர்புடையது.

இருவகைப் பண்புகள்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. பானையில் உள்ள எல்லாப் பருக்கைகளையும் நசுக்கிப் பார்ப்பவர் எவரும் இலர். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினாலே சோறு வெந்ததா, இல்லையா என்பது புலப்படும். ஆனால், அச்சோறு எத்தனை பேருக்குப் போதும் என்பதை ஒரு பருக்கையைக் கொண்டு கூற இயலாது. அதற்குப் பானை முழுவதையும் நோக்க வேண்டும்.

பொருள்களின் பண்புகளும் இவ்வாறே இருவகைப்படும். பொருளின் அளவு கூடினால் கூடி, குறைந்தால் குறையும் பண்புகள் ‘பொருண்மை சார்ந்த பண்புகள்’ எனப்படும். நிறை, கன அளவு ஆகியன இவ்வகையின. பொருளின் அளவைச் சாராத பண்புகள் ‘பொருண்மை சாராப் பண்புகள்’ எனப்படும். வெப்பநிலை, அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை ஆகியன இவ்வகையின.

ஒரு பண்பு எவ்வகையைச் சேர்ந்தது என அறிய எளிய வழி ஒன்று உண்டு. பொருளை இரு சம பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரை இரு பாத்திரங்களில் சமமாக ஊற்றினால், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் நீர் இருக்கும். நிறையும் பாதியாகும். ஆனால், வெப்பநிலை 20 டிகிரியாகக் குறைவதில்லை. இரு பாத்திரங்களிலும் 40 டிகிரியாகவே இருக்கும். ஆறுவதற்குள் அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாக ஊற்றினால் நீர் ஒரு லிட்டராகும்; வெப்பநிலை 80 டிகிரி ஆகாது.

விகிதத்தில் பிறக்கும் பண்பு

பொருண்மை சார்ந்த இரு பண்புகளுள் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், பொருண்மை சாராப் பண்பு ஒன்று கிடைக்கும். நிறையைக் கன அளவால் வகுத்துப் பெறும் அடர்த்தி இதற்குச் சான்று. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளியின் அடர்த்தி 10.5 கிராம். மூக்குத்தி அளவே ஆயினும் பெரிய கட்டியே ஆயினும், தூய தங்கமாயின் அதன் அடர்த்தி ஒன்றே. ஆதலால், ‘இஃது எவ்வளவு?’ என்னும் வினாவிற்குப் பொருண்மை சார்ந்த பண்பும், ‘இஃது எத்தகையது?’ என்னும் வினாவிற்குப் பொருண்மை சாராப் பண்பும் விடையளிக்கின்றன.

பொருண்மை சாராப் பண்பு என்றும் மாறாதது எனக் கருதுதல் கூடாது. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் காற்றழுத்தம் குறைவு. அங்கு நீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தம் மாறியதால் கொதிநிலை மாறிற்று. எனினும், அந்நகரில் ஒரு குவளை நீரும் ஓர் அண்டா நீரும் ஒரே வெப்பநிலையில்தான் கொதிக்கும்.

பாலின் அளவும் தரமும்

இவ்விருவகைப் பண்புகளும் ஒருங்கே பயன்படும் இடம் பால் கொள்முதல் நிலையமாகும். குஜராத் மாநிலத்தின் கேடா மாவட்டத்தில் 1946ஆம் ஆண்டு பால் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றைத் தொடங்கினர். இத்தகைய கூட்டுறவுச் சங்கங்களில், பாலின் அளவோடு அதில் உள்ள கொழுப்பின் விழுக்காட்டையும் ஆராய்ந்து விலை வழங்கும் முறை நிலைபெற்றது. பாலின் அளவு பொருண்மை சார்ந்தது. கொழுப்பு விழுக்காடு பொருண்மை சாராதது.

ஒருவர் 5 கிலோகிராம் எருமைப்பால் கொண்டுவருகிறார். அதில் கொழுப்பு 6 விழுக்காடு. மற்றொருவர் கொண்டுவரும் 6 கிலோகிராம் பசும்பாலில் கொழுப்பு 4 விழுக்காடு. முன்னவர் பாலில் உள்ள கொழுப்பு 300 கிராம். பின்னவர் பாலில் உள்ள கொழுப்பு 240 கிராம். இரண்டையும் கலந்தால் பால் 11 கிலோகிராமும் கொழுப்பு 540 கிராமும் ஆகும். கொழுப்பு விழுக்காடோ 10 ஆகாது, ஏறத்தாழ 4.9 ஆகும். நிறைகளைக் கூட்டலாம், விழுக்காடுகளைக் கூட்டலாகாது.

அளவை மட்டும் நோக்கி விலை கொடுத்தால், நீர் கலந்தவர் மிகுதியாகப் பெறுவார், நேர்மையாளர் இழப்பார். தரத்தை ஆராய ஒவ்வொருவர் பாலிலும் சிறிதளவு எடுத்தால் போதும். சுவிட்சர்லாந்து நாட்டினரான கெர்பர் 1891ஆம் ஆண்டில் உருவாக்கிய முறையில், ஏறத்தாழ 11 மில்லிலிட்டர் பாலைக் கொண்டே கொழுப்பு கணக்கிடப்படுகிறது.

பால்மானி பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி. பாலில் நீர் கலந்தால் அடர்த்தி குறையும். பால்மானி ஆழமாக அமிழும். ஆயினும், அதனையும் ஏமாற்ற இயலும். கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே, பாலாடையை நீக்கினால் பாலின் அடர்த்தி கூடும். பின்னர் அளவறிந்து நீர் சேர்த்தால், அடர்த்தி பழைய நிலைக்கே வந்துவிடும். ஆதலின், அடர்த்தி என்னும் ஒரு சான்று மட்டும் போதாது. கொழுப்பையும் தனியே ஆராய வேண்டும்.

மற்றொரு விதியும் உண்டு. அசையாமல் வைத்த பாலில் கொழுப்பு மேலே மிதந்து நிற்கும். மேலே எடுத்த பாலில் கொழுப்பு மிகுந்தும் கீழே எடுத்த பாலில் குறைந்தும் காணப்படும். நன்கு கலக்கிய பின்னர் எடுத்த பாலே முழுக் குடத்தின் தரத்தையும் கூறும். ஒரு சோறு பதம் காட்டுவதும் பானை முழுவதும் சீராக வெந்திருக்கும்பொழுதுதான்.

சொற்பொருள்

பருக்கை – ஒரு சோறு
பதம் – ஏற்ற பக்குவம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் கொண்டு கணக்கிடும் அளவு
பால்மானி – பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி
அமிழும் – மூழ்கும்

தெரிந்து தெளிவோம்

‘சாராத பண்பு’ என்பது ‘சாராப் பண்பு’ என வழங்கும்பொழுது, ‘சாராத’ என்னும் சொல்லின் இறுதி எழுத்து மறைந்துள்ளது. இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எனப்படும். அழியாப் புகழ், வாடா மலர் என்பனவும் அத்தகையன.

மதிப்பீடு

1. பொருண்மை சார்ந்தவை, பொருண்மை சாராதவை என வகைப்படுத்துக: நிறை, உருகுநிலை, கன அளவு, அடர்த்தி.
2. 8 கிலோகிராம் பாலில் கொழுப்பு 5 விழுக்காடு எனில், கொழுப்பின் நிறை எத்தனை கிராம்?
3. பால்மானியை மட்டும் நம்புதல் ஏன் போதாது? விளக்குக.
4. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி எப்பொழுது பொருந்தும், எப்பொழுது பொருந்தாது? ஐந்து வரிகளில் எழுதுக.
5. பெயரெச்சத்தின் ஈற்றெழுத்தை நீக்கி எழுதுக: குன்றாத வளம், மாறாத அன்பு.