லயத்துக் காம்பராவும் ஏழு பேர்ச் காணியும்

வட்டவளைப் பகுதித் தோட்டங்களில் எங்கு கூட்டம் நடந்தாலும் முதலில் எழும் கேள்வி, “எங்களுக்கு வீடு எப்போது வரும்?” என்பதாகும். கேட்பது நியாயமே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலும் அதன் முன்னால் உள்ள இஸ்தோப்பிலும் மூன்று தலைமுறை சேர்ந்து படுத்தெழும்பும் குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால், “அந்த வீடு நிற்கும் காணி யாருடைய பெயரில் இருக்கும்?” என்று கேட்பவர்கள் குறைவு. வீடு கிடைப்பதும் காணி உடைமையாவதும் ஒன்றல்ல. இவ்விதழில் அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

எம்மக்கள் ஏன் காணியற்றவராயினர் என்பதை அறிய 1840ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டில் பிரித்தானிய ஆட்சி இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, உரிமையை நிரூபிக்க இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. அதன் வழியாகவே மலைநாட்டுக் காடுகள் ஏக்கர் கணக்கில் கோப்பித் துரைமாரின் கைக்குப் போயின. (இதனால் கண்டிக் கிராமத்து விவசாயியும் காணி இழந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.) மற்றையது, காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு நடந்தாலன்றிச் செல்லாது என்றது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காட்டை வெட்டியவர் ஒருவர், காகிதத்தைப் பெற்றவர் இன்னொருவர் என்ற நிலை அன்றே உருவாகிவிட்டது. 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறிய பின்னும் லயம் இருந்தபடியே இருந்தது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாட்டின் பல பகுதிகளில் காணியற்ற விவசாயிகளுக்கு அரச காணி பகிரப்பட்டபோது, தோட்டத்து மக்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பிரித்தது. குடியுரிமை இல்லாதவர் காணி கேட்டு எந்தக் கந்தோருக்குப் போவார்? 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. காணிப் பிரச்சினை தீரவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. தொழிலாளருக்கு அதனால் ஒரு பேர்ச் கூடக் கிடைக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்த மக்கள் மீது 1977 மே மாதத்தில் பொலிசார் சுட்டனர். டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். தனக்குச் சொந்தமில்லாத காணிக்காக அவர் உயிர் கொடுத்தார். அந்தக் காணி போனால் வேலையும் தலைக்கு மேலுள்ள கூரையும் போய்விடும் என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அவை 53 ஆண்டுக் குத்தகையாக்கப்பட்டன. கம்பனி குத்தகைக்காரர் மாத்திரமே, காணி அரசுடையது. குத்தகை 2045இல் முடிகிறது. இன்று முதலாம் வகுப்பில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை அப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும். அதன் பிறகு என்ன என்பதை அரசும் கம்பனியும் பேசித் தீர்க்கும். அந்தப் பேச்சில் லயத்தில் இருப்பவர் ஒரு தரப்பாக அமர வேண்டுமானால், அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில், சமரிந்தா நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலக்கரி தோண்டப்படுகிறது. அந்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, கம்பனி தோண்டுவதற்கு முன் காணி உரிமையாளரோடு கணக்கைத் தீர்க்க வேண்டும். கேட்க நல்ல சட்டந்தான். ஆனால் உரிமையாளர் யார் என்பதே அங்கு வழக்கு. அரசாங்கச் சான்றிதழ் உள்ளவர் விலை பேசலாம். ஊர்த் தலைவர் எழுதித் தந்த கடிதமோ பரம்பரை வழக்கமோ மட்டும் உள்ளவர், தன் தென்னையும் இறப்பரும் நின்ற இடத்தைத் தன்னுடையது என்று நிரூபிக்க அலைகிறார். கரி தீர்ந்ததும் கம்பனி போய்விடும். மூடப்படாத குழிகளில் மழைநீர் தேங்கும். அவற்றில் பல பிள்ளைகள் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

தேயிலை நிலக்கரியைப் போல ஒரே நாளில் தீர்ந்துவிடுவதன்று. ஆயினும் தோட்டம் என்றென்றும் தேயிலையாகவே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. வட்டவளைப் பக்கத்திலேயே லோனக் தோட்டத்தில் பெரும் பால்பண்ணை வந்துவிட்டது. பல இடங்களில் மலை காடேறிக் கிடக்கிறது. வேறு இடங்களில் மலையைத் தொழிலாளரிடமே பகுதி பகுதியாக ஒப்படைத்து, கொழுந்துக்கு மாத்திரம் காசு கொடுக்கும் முறை பரவுகிறது. பிள்ளைகளோ கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் பேர் பதிந்தவர் ஒருவரும் இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. வேலைக்காகக் கொடுக்கப்பட்ட காம்பராவில் வேலையில்லாதவர் எந்த உரிமையில் இருக்கிறார்?

“நாலு தலைமுறையாய் இருக்கிறோமே, பத்து வருசம் இருந்தால் சொந்தம் என்று சட்டம் இல்லையா?” என்று பலர் கேட்பார்கள். இதில் ஏமாறக் கூடாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் வரும் பத்தாண்டு விதி தனியார் காணிக்கே பொருந்தும். அரச காணிக்கு எதிராகச் செல்லாது. அத்துடன், ஒருவர் அனுமதியோடு இருப்பது எத்தனை ஆண்டானாலும் அனுமதிதான். லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறித் தோட்டத்துக்கும் இதே கதிதான்.

இனி, ஏழு பேர்ச் பற்றி. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். ஏழு பேர்ச் ஏறக்குறைய 1900 சதுர அடி. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஆகவே பாதைக்கும் கானுக்கும் ஒதுக்காமலே கணக்கிட்டாலும் ஓர் ஏக்கரில் இருபத்திரண்டு குடும்பங்கள் குடியேறலாம். தோட்டங்களின் பரப்போடு ஒப்பிட்டால் இது ஒரு மூலை. 550 சதுர அடி வீடு கட்டிய பின் நாலு வாழையும் ஒரு மாட்டுக் கொட்டிலும் வைக்கலாம், பிழைக்க முடியாது. இதைக் குறைவு என்று சொல்லும் உரிமை எமக்குண்டு. அதற்காக உள்ளதை வேண்டாம் என்பதற்கில்லை.

2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை சட்டமாயிற்று. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட வழி பிறந்தது. இவை பெரிய காரியங்களே. ஆனால் 1990களில் கட்டிய இரட்டை வீடுகளின் கதையையும் நினைவிற் கொள்வோம். சம்பளத்தில் மாதாமாதம் கடன் வெட்டப்பட்டது. கடனைக் கட்டி முடித்த பலரிடம் இன்னும் உறுதி இல்லை.

வட்டவளைக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவு மழை பெய்யும் இடம் இது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாடெங்கும் சரிவுகளை ஏற்படுத்தியது. தேயிலைக்கு உதவாத செங்குத்துச் சரிவை வீட்டுக்கு ஒதுக்கினால், உறுதி இருந்தும் பயனில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் எந்தக் காணிக்கும் தலையசைக்க வேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பவர் மிச்சம் பிடித்து ஒரு துண்டு நிலமாவது உடைமையாகப் பெற வழியிருக்க வேண்டும் என்பது முக்கியமான கருத்து. மன்னன் விலை பேசியும் நாபோத்து தன் முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை விட்டுக்கொடுக்க மறுத்த கதையை நாம் கோவிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். நாபோத்துக்காவது மறுப்பதற்கு ஒரு காணி இருந்தது.

மேடையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் மாலையோடு வீட்டுக்குப் போய்விடாமல் அதை வாசிக்க வேண்டும். அது வெறும் சான்றிதழா, குடியிருக்க அனுமதியா, உறுதியா? உறுதியானால் நில அளவை வரைபடத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும் எல்லைகளும் அதில் இருக்கும். மாவட்டக் காணிப் பதிவகத்தில் பதிந்ததற்கான அடையாளமும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் வங்கி அதை ஈடாக ஏற்காது. விற்கத் தடை எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள். சில ஆண்டுத் தடை நல்லது என்பதே எம் எண்ணம். இல்லாவிடில் முதல் கல்யாணச் செலவிலேயே காணி கைமாறிவிடும்.

யாருடைய பெயரில் என்பதில் கண்டிப்பாக இருங்கள். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குபவள் பெண். ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் எழுதப்படும் பெயரோ பெரும்பாலும் ஆணுடையது. மலையகத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும். அதன்படி கணவன் மரணசாதனம் எழுதாமல் இறந்தால், உறுதியில் வேறு நிபந்தனை இல்லாவிட்டால், காணியில் பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்கும் சேரும். நான்கு பிள்ளைகள் இருந்தால் ஏழு பேர்ச்சில் தாய்க்கு மூன்றரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேர்ச்சுக்கும் குறைவு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் சமமாக எழுதும்படி கேட்டு வாங்கினால், தாயின் பாதி தொடக்கத்திலேயே அவளுடையதாகிவிடும். கணவனின் பாதியிலும் பாதி அவளுக்குச் சேரும். பெயர்ப் பட்டியல் தயாராகும் நாளிலேயே இதைக் கேட்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுகளில் பெயர் ஒரேவிதமாக எழுதப்பட்டுள்ளதா என்று இப்போதே பார்த்து, பிழையிருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பியுங்கள்.