சிமுலேட்டர் பாதியில் விழுந்தால்: எந்த ஆட்-ஆன் காரணம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பொதுவான துயரம் உண்டு. ஒரு மணி நேரம் பொறுமையாகப் பறந்து, இறங்கப் போகிற நேரத்தில் திரை அப்படியே உறையும். அப்புறம் சிமுலேட்டர் தானாக மூடிக்கொள்ளும். உடனே நம்மாட்கள் செய்வது இரண்டில் ஒன்று. மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள், இல்லையென்றால் கடைக்குப் போய் ரேம் வாங்குவார்கள். முன்னது ஒரு நாளைத் தின்னும், பின்னது காசைத் தின்னும். பல நேரம் இரண்டாலும் பயன் இருக்காது.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். "எது விழுந்தது" என்று தேடுவதற்கு முன்னால், எங்கே, எப்போது, எதைச் செய்தபோது விழுந்தது என்று பாருங்க. காரணம் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்று வகை ஆட்-ஆன்

ஆட்-ஆன் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. முதல் வகை வெறும் தரவு: விமான நிலையக் கட்டடங்கள், நிலப்பரப்பு, விமானத்தின் வெளிப்பூச்சு. இரண்டாவது வகை சிமுலேட்டருக்கு உள்ளேயே புகுந்து ஓடும் நிரல். விமானி அறையின் கருவிகள், டிஎல்எல் கோப்புகள் இதில் வரும். மூன்றாவது வகை வெளியே தனி நிரலாக ஓடிக்கொண்டு சிமுலேட்டரோடு பேசும். வானிலை கொண்டுவருவது, வரைபடம் காட்டுவது மாதிரி.

மூன்றாவது வகை விழுந்தால் பெரும்பாலும் அது மட்டும் விழும். இரண்டாவது வகை விழுந்தால் சிமுலேட்டரையும் சேர்த்துக் கவிழ்க்கும், ஏனென்றால் இருவருக்கும் ஒரே நினைவகம். முதல் வகை பாவம் சாதுவாகத் தெரியும். ஆனால் ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு தொகுப்பு போட்டுவிட்டால் கட்டடம் மேல் கட்டடம் நிற்கும், ஓடுதளம் பள்ளத்தில் கிடக்கும், சில சமயம் சிமுலேட்டரே படுத்துவிடும்.

அறிக்கையில் வரும் பெயரை நம்பாதீங்க

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. அதில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போனால், விழுந்த நேரத்துக்கு நேராக ஒரு சிவப்புக் குறி இருக்கும். திறந்தால் "ஃபால்ட்டிங் மாட்யூல்" என்று ஒரு கோப்பின் பெயர் வரும். பலருக்கு அங்கே வருவது என்டிடிஎல்எல். "ஓகோ, விண்டோஸ்தான் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தக் கோப்பு விண்டோஸின் அடித்தளம். நினைவகம் கேட்கிற எந்த நிரலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு ஆட்-ஆன் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எதையோ எழுதிவிட்டு நகர்ந்திருக்கும். ஐந்து நிமிடம் கழித்து அந்த இடத்தைத் தொட்ட வேறு யாரோ தடுக்கி விழுவார்கள். அறிக்கையில் பதிவாவது தடுக்கி விழுந்தவரின் பெயர்தான், குழி வெட்டியவரின் பெயர் இல்லை. ஆட்-ஆனின் சொந்த டிஎல்எல் பெயரே நேராக வந்தால் அது நல்ல துப்பு. விண்டோஸ் கோப்பின் பெயர் வந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

இடமா, நேரமா, செயலா?

எங்க ஓரிக்கைப் பக்கம் தறிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. சேலையில் தப்பு விழுந்தால் அது எப்படித் திரும்ப வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நீளவாக்கில் ஒரே கோடாக ஓடினால் பாவில் ஒரு இழை அறுந்திருக்கிறது. ஒவ்வொரு பூவிலும் ஒரே இடத்தில் வந்தால் மேலே ஜக்கார்டு அட்டையில் ஓட்டை தப்பு. தெரிகிற இடம் துணி, காரணம் இருப்பது வேறெங்கோ.

சிமுலேட்டரிலும் அதே கணக்குதான்.

ஒரே இடத்துக்கு மேலே வரும்போதெல்லாம் விழுகிறதா? அந்த இடத்தின் காட்சித் தொகுப்பைச் சந்தேகப்படுங்க. எந்த ஊராக இருந்தாலும் இவ்வளவு நேரம் ஆனதும் விழுகிறதா? நினைவகம். ஒரு குறிப்பிட்ட பொத்தானை அழுத்தினால், மெனு திறந்தால் விழுகிறதா? உள்ளே ஓடும் நிரல். இந்த மூன்றாவதற்குப் பிரபலமான உதாரணம், விண்டோஸ் 7-ல் எஃப்எஸ்எக்ஸ். மெனுவைத் திரும்பத் திரும்பத் திறந்தால் விழும். காரணம் யூஐஆட்டோமேஷன்கோர் என்கிற விண்டோஸ் கோப்பு. விஸ்டா காலத்துப் பழைய பதிப்பை எஃப்எஸ்எக்ஸ் இருக்கிற ஃபோல்டரில் வைத்ததும் பலருக்குச் சரியானது.

4 ஜிபி சுவர்

எங்க தெருவில் விமானி ஆக வேண்டும் என்று கனவு காணும் ஒரு கல்லூரிப் பையன் இருக்கிறான். பழைய கணினி, 32-பிட் சிமுலேட்டர். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பறந்து வருவான். சென்னையின் 07 ஓடுதளத்துக்கு மேற்கிலிருந்து நேராக வரும் கோட்டை நீட்டினால் அது ஏறக்குறைய காஞ்சிபுரத்துக்கு மேலேதான் வரும். மீனம்பாக்கம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 50 கி.மீ. நம்ம ஊரைத் தாண்டியதும் அவனுடைய சிமுலேட்டர் விழுந்துவிடும், தினமும். "அண்ணா, கடையில ரேம் பத்தலைன்னு சொல்றாங்க. அம்மா நூல் சுத்தின காசு கொஞ்சம் இருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டான்.

"இருப்பா, ஒரு சோதனை பண்ணிப் பார்த்துட்டு வாங்கலாம்" என்றேன். பெங்களூரை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்துக்கு மேலேயே விமானத்தை வைத்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னேன். விழவில்லை. மூன்று தடவையும் ஒழுங்காக இறங்கினான். அப்படியென்றால் சென்னைக் காட்சித் தொகுப்பு தனியாகக் குற்றவாளி இல்லை. பெங்களூரிலிருந்து சுமந்துகொண்டு வரும் ஏதோ ஒன்று இருக்கிறது.

அதுதான் முகவரி இடம். 32-பிட் நிரல் ஒன்று அதிகபட்சம் 4 ஜிபி வரைதான் முகவரி போட முடியும். கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தாலும் 32 ஜிபி இருந்தாலும் இந்த எல்லை மாறாது. தெருவில் கதவு எண் தீர்ந்துபோன பிறகு வெளியே எவ்வளவு காலி மனை இருந்து என்ன பயன்? 2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸ் இந்தச் சுவருக்குள்தான் வாழ்ந்தது. எக்ஸ்-பிளேன் 2013-ல் 10.20 பதிப்பிலும், பிரிபேர்3டி 2017-ல் நான்காம் பதிப்பிலும் 64-பிட்டுக்கு மாறின. 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் தொடக்கத்திலிருந்தே 64-பிட்.

இதை அளந்தும் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் "வர்ச்சுவல் சைஸ்" என்கிற பத்தியைச் சேர்த்தால் போதும். அவன் பறக்கப் பறக்க எண் ஏறிக்கொண்டே போய் 4 ஜிபியைத் தொடும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. தின்பது யார்? பெரும்பாலும் படங்கள். 4096-க்கு 4096 புள்ளி உள்ள ஒரு படம், சுருக்காவிட்டால் 64 எம்பி. அதையே 1024-க்கு 1024 ஆக்கினால் 4 எம்பி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. விமானம், இரண்டு விமான நிலையங்கள் எல்லாவற்றிலும் படத்தின் அளவைக் குறைத்தான். பறக்கும் பாதையில் இல்லாத காட்சித் தொகுப்புகளை அணைத்தான். இப்போது முழுப் பயணமும் போகிறது. அம்மாவின் காசு அப்படியே இருக்கிறது.

பாதி பாதியாகப் பிரித்தல்

மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை என்றால், பிரித்துப் பார்ப்பதுதான் வழி. முதலில் எல்லா ஆட்-ஆனையும் வெளியே எடுங்க. அழிக்க வேண்டாம், வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் போதும். 2020 சிமுலேட்டரில் இதற்கு கம்யூனிட்டி ஃபோல்டர் இருக்கிறது. அது விழுந்த பிறகு மறுபடி திறக்கும்போது சேஃப் மோடு வேண்டுமா என்று தானே கேட்கும். அதில் அந்த ஃபோல்டர் சேராது. அப்போதும் விழுந்தால் ஆட்-ஆன்கள் நிரபராதி. டிரைவரையோ கணினிச் சூட்டையோ பாருங்க.

விழவில்லை என்றால் பாதியை மட்டும் திரும்பப் போடுங்க. விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், இல்லையென்றால் மற்றதில். 64 ஆட்-ஆன் இருந்தாலும் ஆறே சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் 63 தடவை கூட ஆகலாம்.

சில சமயம் இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக ஓடும், சேர்ந்தால் மட்டும் விழும். இதுதான் நிஜமான மோதல்: அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பயப்பட வேண்டாம். முதல் பாதியை முழுசாக வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் பிரித்துக்கொண்டே போங்க. அதில் ஒன்று மாட்டும். அப்புறம் அந்த ஒன்றை நிலையாக வைத்து முதல் பாதியைப் பிரிங்க. ஜோடி கிடைத்துவிடும்.

ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சோதனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதே விமானம், அதே நேரம், நேரடி வானிலை அணைத்து, விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சேமித்த அதே பயணம். ஆனால் நேரம் சம்பந்தப்பட்ட கோளாறுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது, முழுப் பயணமும் போகணும்.

செய்யக் கூடாதவை

"இந்த டிஎல்எல் இல்லை" என்று வந்தால் அந்தப் பெயரைத் தேடி முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கிப் போடாதீங்க. கூடவே என்ன வரும் என்று சொல்ல முடியாது. யாரோ எழுதிய அமைப்பு வரிகளை அப்படியே ஒட்டாதீங்க, அது அவர் கணினிக்கு எழுதியது. எஃப்எஸ்எக்ஸில் அமைப்புக் கோப்பு குழம்பிவிட்டால் பெயரை மட்டும் மாற்றி வைங்க. அடுத்த முறை திறக்கும்போது அதுவே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைங்க. என்றைக்கு எதைப் போட்டோம், எது அப்டேட் ஆனது என்று ஒரு வரி எழுதினால் போதும். நேற்று வரை ஓடியது இன்று விழுகிறது என்றால், முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.