பருவத்தின் நடுவே ஒரு றக்பிக் கழகம்

வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களில் செப்டெம்பரில் தொடங்கும் றக்பிப் பருவம், ஜனவரியில் தன் கடுமையான கட்டத்தை அடைகின்றது. மைதானம் சேறாகும், உறைபனியில் நிலம் இறுகினால் ஆட்டமே ஒத்திவைக்கப்படும். ஆயினும் கழகச் செயலாளரின் உறக்கத்தைக் கெடுப்பது வானிலையன்று, ஆட்கணக்கே.

15 பேர் கொண்ட அணியில் எவரும் எவ்விடத்திலும் நின்றுவிட இயலாது. இரு தரப்பிலும் எண்மர் தோள்கோத்துத் தள்ளும் 'ஸ்கிரம்' என்னும் நெருக்கத்தில், முன்வரிசை மூவரின் கழுத்தும் தோளும் பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. பயிற்சியற்றவனை அங்கே நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். ஆதலால், தகுந்த மாற்றாள் இல்லாவிடில், இரு அணியினரும் தள்ளாமலே அது நடைபெற வேண்டுமென்பது விதி. பலம் பொருந்திய முன்வரிசையையே நம்பிய அணிக்கு அதனினும் பெரிய ஏமாற்றம் வேறில்லை.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியுற்றவர், 2023இல் பிரித்தானியாவில் வெளியான வழிகாட்டலின்படி, 21 நாள்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பலாகாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வெற்றிடத்தை நிரப்புவது யார்? இரண்டாம் அணியின் வீரர் முதலணிக்கு ஏறுவார். இரண்டாம் அணிக்கோ, ஆட்டத்தைக் கைவிட்ட நாற்பது வயதுக்காரர் மீண்டும் அழைக்கப்படுவார். அவரும் மறுத்தால் அவ்வணி அன்று களமிறங்காது. இளையோர் அணியிலிருந்து வளர்ந்துவரும் பையனுக்கு ஆடிப்பழக இடமுமிராது. வெள்ளிக்கிழமை இரவு நெடுநேரம் வரை செயலாளரின் தொலைபேசி ஓயாதிருப்பது இதனாலேயே.