முதல் விவசாயிகள் பட்ட பாடு: எலும்புகள் சொல்லும் கதை

காட்டில் அலைந்து திரிந்த மனிதன் ஒரு நாள் விதை விதைக்கக் கற்றுக் கொண்டான். அன்றோடு அவன் பசி தீர்ந்தது. கவலை ஒழிந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் ஏறக்குறைய இப்படித்தான் படித்தோம்.

நடந்தது அப்படி அல்ல. கவலை ஒழியவில்லை. முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். அதிலும் வீட்டுப் பெண்களின் முதுகு!

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததை யார் கண்டார்கள் என்று கேட்கலாம். அந்தப் பெண்களின் எலும்புகளே சாட்சி சொல்கின்றன. எலும்புகள் கிடைத்த இடம், சிரியா நாட்டில் உள்ள அபு ஹுரைரா.

தண்ணீர் வருவதற்கு முன்

சிரியாவின் வட பகுதியில் யூப்ரடீஸ் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஒரு மண் மேடு இருந்தது. ஆற்றின் குறுக்கே தப்கா என்ற இடத்தில் ஓர் அணை கட்டினார்கள். அணை முடிந்தால் மேடு நீரில் மூழ்கி விடும். ஆகவே 1972-லும் 1973-லும் ஆண்ட்ரூ மூர் என்ற ஆராய்ச்சியாளர் ஆட்களைத் திரட்டி, அவசரம் அவசரமாகத் தோண்டினார். பிறகு தண்ணீர் வந்தது. மேடு இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது.

அந்த மேட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஊர்கள் புதைந்திருந்தன. அடியில் இருந்தது சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்திய சிற்றூர். மேலே இருந்தது, அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுந்த பெரிய ஊர்.

தோண்டிய மண்ணை வீணாகக் கொட்டி விடவில்லை. அதைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தார்கள். விதை நெல்லைத் தண்ணீரில் போட்டால் பதர் மேலே மிதக்கிறது அல்லவா? அது போல, பழங்காலத்து அடுப்பில் கருகிப் போன தானியங்கள் மிதந்து வந்தன. கார்டன் ஹில்மன் என்ற தாவர ஆராய்ச்சியாளர் அவற்றைப் பொறுமையாகப் பார்த்து, இது இன்ன செடியின் விதை என்று பெயர் சொன்னார்.

விதைக்காமல் அறுத்தவர்கள்

அடியில் இருந்த சிற்றூரின் மக்கள் முதலில் விவசாயிகளாக இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் நாடோடிகள் அல்ல. குழி தோண்டி, மேலே கூரை போட்டு, ஒரே இடத்தில் குடியிருந்தார்கள். ஆண்டுதோறும் கெஸல் என்ற மான்கள் மந்தை மந்தையாக அந்தப் பக்கம் வரும். அவற்றை வேட்டையாடினார்கள். தானாக விளைந்த கோதுமையையும் 'ரை' என்ற தானியத்தையும் அறுத்து வந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வகைச் செடிகளின் விதைகள் அங்கே கிடைத்திருக்கின்றன. சாப்பாட்டில் இத்தனை வகை, பின்னால் வந்த விவசாயிகளுக்குக் கிடைக்கவில்லை.

விதைக்காமலே வயிறு நிறையுமா? நிறையும். ஜாக் ஹார்லான் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர் அதைச் செய்தே பார்த்து விட்டார். 1966-ல் அவர் துருக்கி நாட்டின் கிழக்கே உள்ள கரஜாதாக் மலைக்குப் போனார். அங்கே 'ஐன்கார்ன்' என்ற காட்டுக் கோதுமை புல் போல மண்டிக் கிடக்கிறது. கல்லைக் கூராக்கிச் செய்த அரிவாளால் அறுத்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் சுத்தமான தானியம் சேர்ந்தது! ஒரு குடும்பம் மூன்று வாரம் இப்படி அறுத்தால், ஓர் ஆண்டில் சாப்பிட்டுத் தீர்க்க முடியாத அளவு சேர்த்து விடலாம் என்று அவர் கணக்குச் சொன்னார்.

அப்படியானால், உழுது விதைக்கும் தொல்லை எதற்கு?

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் பருவ நிலை மாறியது. குளிர் கூடியது. மழை குறைந்தது. அந்த நிலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. காட்டுத் தானியம் அருகிப் போனது. வேறு வழி இல்லாமல், சிற்றூர் மக்கள் ரையை விதைக்கத் தொடங்கினார்கள் என்பது ஹில்மனின் முடிவு. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், நல்ல காலத்தில் பொழுது போகாமல் யாரும் விவசாயத்தைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

உதிராத கதிர்

காட்டுக் கோதுமைக்கும் வயல் கோதுமைக்கும் முக்கிய வேற்றுமை ஒன்று உண்டு. காட்டுக் கோதுமை முற்றியதும் கதிர் தானாக உடைந்து, மணி தரையில் சிதறும். செடிக்கு அது நல்லது. அடுத்த ஆண்டு முளைக்க வேண்டுமே! ஆனால் அறுக்கிறவனுக்கு நஷ்டம்.

மிக அரிதாக ஒன்றிரண்டு செடிகள், பிறவியிலேயே உதிராத கதிர் உடையவை. காட்டில் அவை வம்சம் இல்லாமல் அழிந்து விடும். அரிவாளோடு மனிதன் வந்த பிறகு கதை மாறியது. உதிரும் மணி கீழே போயிற்று. உதிராத மணி வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அவன் விதைத்தான். அடுத்த ஆண்டு உதிராத செடிகள் கொஞ்சம் கூடின. யாரும் திட்டம் போட்டுச் செய்த காரியம் அல்ல இது.

இந்த மாற்றம் 200 ஆண்டுகளுக்குள்ளேயே முடிந்திருக்க முடியும் என்று 1990-ல் ஹில்மனும் அவருடைய கூட்டாளி ஒருவரும் கணக்கிட்டார்கள். ஆனால் கிடைத்த கதிர்களைப் பார்த்தால், உதிராத கோதுமை முழுவதும் பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனதாகத் தெரிகிறது. தகப்பன் கண்டது ஒன்று, பேரன் கண்டது இன்னொன்று என்று சொல்லும்படியான மாற்றம் எதுவும் நடக்கவில்லை. சீனாவில் நெல்லும் மெக்சிகோவில் மக்காச்சோளமும் இது போலத் தனித்தனியே மெல்ல மெல்லத்தான் பயிராயின.

மண்டியிட்ட பெண்கள்

மேலே இருந்த ஊர் விவசாயிகளின் ஊர். மண் கல்லால் கட்டிய வீடுகள். சில ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்களைப் பெரும்பாலும் வீட்டுத் தரையின் கீழேயே புதைத்தார்கள். அதனால்தான் எலும்புகள் கிடைத்தன.

லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச் சாலையைச் சேர்ந்த தெயா மாலிசன் அம்மையார் அந்த எலும்புகளை ஆராய்ந்தார். பலருக்குக் கால் கட்டை விரல் மூட்டு தேய்ந்து, வீங்கி, கோணிப் போயிருந்தது. முழங்காலிலும் முதுகின் அடி எலும்பிலும் கோளாறு இருந்தது. அப்படிக் கெட்டுப் போன எலும்புகள் பெரும்பாலும் பெண்களுடையவை.

காரணம், மாவு அரைத்த கல்! நீளமான கல் ஒன்று தரையில் கிடக்கும். பெண் அதன் எதிரே மண்டியிடுவாள். கால் விரல்களை முன்புறமாக மடித்து ஊன்றிக் கொள்வாள். இரண்டு கைகளாலும் குழவி போன்ற கல்லைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதும் விழும்படி முன்னே தள்ளுவாள். உடனே பின்னே இழுப்பாள். பழைய எகிப்து நாட்டுச் சிலைகளில் இந்தக் கோலத்தை அப்படியே பார்க்கலாம். அம்மியில் ஒரு நாள் அரைத்தவர்களுக்கே மறு நாள் தோள் வலி தெரியும். அபு ஹுரைராப் பெண்கள் தினமும் பல மணி நேரம், சிறு வயது முதல் சாகும் வரை அரைத்தார்கள். கோதுமையை அரைத்து வைத்தால் கெட்டு விடும். ஆகவே அன்றாடம் அரைத்தாக வேண்டும்.

அரைக்கும் போது கல் தேய்ந்து, மாவில் பொடி கலந்தது. அதைத் தின்றவர்களின் பல் தேய்ந்தது. சிலருக்கு உடைந்தே போயிற்று. இளம் வயதினர் சிலரின் கழுத்து எலும்பு தடித்திருந்தது. தலைச் சுமையால் வந்தது அது என்கிறார் அம்மையார். சில பேரின் முன் பற்களில் பள்ளம் விழுந்திருந்தது. கூடை முடைகிறவர்கள் நாரைப் பல்லில் கடித்து இழுப்பதால் வரும் பள்ளம் அது. எல்லோரும் எல்லா வேலையும் செய்தது போய், இன்னார் இன்ன வேலை என்ற வழக்கம் வந்து விட்டது என்பதற்கு அந்தப் பற்கள் ஓர் அடையாளம்.

இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவில்லை? திரும்ப முடியவில்லை. ஊரில் வாய்கள் பெருகி விட்டன. மான் கூட்டமும் குறைந்தது. செம்மறி ஆட்டையும் வெள்ளாட்டையும் பட்டியில் அடைத்து வளர்க்க வேண்டியதாயிற்று. பல ஆயிரம் பேருக்குக் காட்டில் என்ன இருக்கிறது?

பிற்காலத்தில் மண் பானை வந்தது. தானியத்தைக் கஞ்சியாகக் காய்ச்ச முடிந்தது. பல் உடைவது குறைந்தது. ஆனால் சொத்தைப் பல் வந்தது! கைக்குழந்தைக்கும் கஞ்சி கொடுக்கலாம் என்று ஆனதால், தாய்மார் சீக்கிரமே பால் மறக்கச் செய்து, அடுத்த பிள்ளையைச் சுமந்தார்கள் என்று மாலிசன் அம்மையார் கருதினார்.

அரைக்கும் வேலை மட்டும் குறையவில்லை. உட்கார்ந்து கையால் சுற்றும் திருகைக் கல் உலகில் தோன்றியது சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்புதான். அது வரை, கோதுமை தின்ற நாடுகளில் பெரும்பாலும் பெண்கள் மண்டியிட்டே அரைத்தார்கள்.