நாய்க்குட்டி, ஆட்டுக்குட்டி முகாமுக்கு உங்கள் குழந்தை போகிறதா?

போன வருஷம் மே மாதம். ஒன்பது வயசுப் பையனை அழைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். "நாலு நாளா சரியாச் சாப்பிடலை டாக்டர். ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே இருக்கான். சூடு பிடிச்சிருக்குமோ? ஏதாவது சூரணம் கொடுங்க" என்றார்.

ஆண் பிள்ளைகளுக்கு வலது கையில்தான் நாடி பார்ப்போம். கையை நீட்டச் சொன்னால், இவன் இடது கையையே நீட்டிக்கொண்டிருந்தான். வலது கை முதுகுக்குப் பின்னால்! மெல்லப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, காய்ந்துபோன இரண்டு பல் தடம்.

கோடை முகாமில் நாய்க்குட்டிக்குச் சோறு வைக்கும்போது கடித்திருக்கிறது. வீட்டில் சொன்னால் மறுநாள் அனுப்ப மாட்டார்கள். அதோடு, 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று கூட இருந்த பையன் பயமுறுத்திவிட்டான். பாவம், நாலு நாளாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தவித்திருக்கிறான்.

இதைப் படித்ததும், "அய்யய்யோ, இந்த முகாமே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் இதற்கு எதிரி இல்லை. எங்கள் காலத்தில் வீட்டுக் கொல்லையிலேயே மாடு இருந்தது. கன்றுக்குட்டிக்குத் தண்ணி காட்டாமல் பள்ளிக்கூடம் கிளம்ப முடியாது. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே? வண்டலூர் உயிரியல் பூங்காவில்கூட பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துவதுண்டு. நம்மை நம்பி ஒரு உயிர் பசியோடு காத்திருக்கிறது என்று தெரிந்தால், எட்டு மணிக்கும் எழுந்திருக்காத பிள்ளை ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறது!

ஆனால் அனுப்புவதற்கு முன் முகாமுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் நாய், பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கை கழுவக் குழாயும் சோப்பும் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டகை வேலை காலையிலும் சாயங்காலத்திலும்தான் நடக்க வேண்டும். உச்சிவெயிலில் பிள்ளைகளை நிறுத்துகிற இடம் வேண்டவே வேண்டாம். வீசிங் உள்ள குழந்தைக்கு வைக்கோல் தூசியும் விலங்கின் முடியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதை முகாம்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, இன்ஹேலரையும் கொடுத்தனுப்புங்கள்.

இப்போது கடிக்கு வருவோம். வெறிநோய்க் கிருமி எச்சில் வழியாகக் காயத்தில் இறங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கிப் போகிறது. மூளையைத் தொட்டு அறிகுறி தெரிந்துவிட்டால், எந்த வைத்திய முறையிலும் அதற்கு மருந்து இல்லை. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இதில் என்னிடமும் வராதீர்கள். பச்சிலை வைத்துக் கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் கிருமிக்கு நாமே நேரம் கொடுக்கிற வேலை.

கடித்த உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிஷம் நீங்கள் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. கழுவியதும் நேரே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போடுவதென்றால் 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வருகிற அளவு கடி என்றால், காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். தடுப்பூசி எல்லாம் கையில்தான். தொப்புள் ஊசியை நம் நாட்டில் கைவிட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. பயம் மட்டும் இன்னும் போகவில்லை!

'குட்டிதானே', 'லேசான கீறல்தானே' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். பூனை, குரங்கு கடித்தாலும் இதேதான். புண்ணில் நாய் நக்கினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நாள் தள்ளிப் போயிருந்தாலும் 'இனி என்ன பிரயோஜனம்' என்று இருந்துவிடாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். கறந்த பாலைப் பச்சையாகக் குடிப்பது சத்து என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரும் நோய்கள் உண்டு, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சாணத்திலும் மண்ணிலும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், கொக்கிப்புழு அந்த வழியாகத்தான் உள்ளே வரும். பூனைக்குட்டியைக் கொஞ்சிய குழந்தையின் கழுத்திலோ கையிலோ வட்டமாக அரிப்புத் தடிப்பு வந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்குத் தாராளமாக எங்களிடம் வாருங்கள், சீமையகத்தி இருக்கிறது.

தினமும் சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கை, கால், முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். "இன்னிக்கு எந்தக் குட்டி உன்னைக் கீறிச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். "ஏதாவது ஆச்சா?" என்று முறைத்துக்கொண்டு கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் வரும். சொன்னால் முகாமை நிறுத்த மாட்டேன் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பையனை அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். "அவனைத் திட்டாதீங்கம்மா" என்று மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். ஊசி எல்லாவற்றையும் தேதி தவறாமல் போட்டுக்கொண்டான். இந்த வருஷமும் அதே முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம். போன வாரம் இருமலுக்கு வந்தவன், நான் கேட்பதற்கு முன்னாலேயே வலது கையை நீட்டினான்.