ஒட்டுத்துணி விரிப்பைக் குறித்த நாளில் முடிப்பது எப்படி?

தமக்கையின் குழந்தைக்குத் தன் கையால் ஒரு விரிப்புத் தைத்துப் பரிசளிக்க வேண்டுமென்று, செல்லூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஆசை கொண்டாள். தகப்பனார் தறி நெய்பவர், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர். பெண் பகலெல்லாம் தார் சுற்றுவாள். விரிப்புக்கென அவள் எடுத்து வைத்தவை மூன்று சுங்குடிச் சேலைகள். சென்ற ஆண்டு காலஞ்சென்ற அம்மாச்சி உடுத்தியவை அவை. தாயையும் குழந்தையையும் ஐந்தாம் மாதத்தில் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதென நாள் குறித்தாயிற்று. கையில் இருந்தவை எட்டு வாரங்கள். அதற்கு முன் அவள் ஊசி பிடித்தது பொத்தான் வைக்கவும் கிழிசல் மூட்டவுமே.

அவள் காகிதத்தில் போட்டிருந்த திட்டமோ பெரியவர் கட்டிலுக்கு ஆனது. 90 அங்குல நீளம், 60 அங்குல அகலம், மூன்று அங்குலச் சதுரங்களாக 600 துண்டுகள். "எட்டு வாரம் போதுமா?" என்று கேட்டாள். போதும், போதாது என்று வாயால் சொல்வதில் பயனில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். அந்தக் கணக்கு இத்தகைய வேலையில் முதன்முறை இறங்கும் எவருக்கும் உதவுமாதலால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

துணிகளை அடுக்கி ஊசியோட்டித் தைக்கும் வேலை நம் மதுரைச் சமவெளியில் தனிக் கலையாக வளரவில்லை. குளிர் இல்லாத ஊரில் கனத்த போர்வைக்குத் தேவை ஏது? ஆயினும் பிள்ளை பிறந்த வீட்டில் பழஞ்சேலையை மடித்து, ஓரங்களில் நூலோட்டிக் குழந்தைக்கு விரிப்பது நாம் அறிந்ததே. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்துக் கோதடி, கன்னட நாட்டுக் கவுதி ஆகிய யாவும் இதே எண்ணத்தின் வளர்ச்சிதாம். காந்தா தைத்த பெண்கள், பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்கும் கொண்டனர். ஆகவே நம் பெண் தொடங்கியது அந்நிய வித்தையன்று. பழக்கமில்லாத வித்தை, அவ்வளவே.

இனிக் கணக்கு. முதலில் தன் கை வேகத்தைத் தானே அளந்துகொள்ள வேண்டும். மூன்று துணித் துண்டுகளை அடுக்கிக் கால் மணி நேரம் ஓடு தையல் போட்டு, எத்தனை அங்குலம் முன்னேறினோம் என்று பார்க்க வேண்டும். அவளுக்கு வந்தது 15 அங்குலம். அதாவது மணிக்கு 60. பிறர் கை வேகத்தைக் கேட்டுக்கொண்டு திட்டம் போடுவதே புதியவர்கள் தவறும் முதலிடம்.

அவளுடைய பெரிய விரிப்பில் துண்டுகளை இணைக்க நீளவாட்டில் 19 தையல்கள், ஒவ்வொன்றும் 90 அங்குலம். குறுக்கே 29 தையல்கள், ஒவ்வொன்றும் 60 அங்குலம். இரண்டும் சேர்ந்து 3,450 அங்குலம். பிறகு மேல் துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்து அதே கோடுகளின் ஓரமாக மறுபடி தைத்தால் இன்னொரு 3,450. சுற்றிலும் ஓரம் 300. ஆக மொத்தம் 7,200 அங்குலம். மணிக்கு 60 வீதம் 120 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி, வாரம் ஆறு நாள் என்றால் இருபது வாரங்கள் ஆகும்! குழந்தை தவழ்ந்து வந்து அவள் ஊசிப் பெட்டியைக் கவிழ்த்திருக்கும்.

இதைக் கண்டதும் அவள் முகம் வாடிவிட்டது. இரவில் கண் விழித்துத் தைத்துவிடுவேன் என்றாள். அது கூடாது. அவசரத்தில் விழும் தையல் நீளும், நூல் தளரும், முதல் சலவையிலேயே பிரியும். தையலை விரைவுபடுத்துவதைவிட விரிப்பைச் சிறிதாக்குவதே நல்லது. கைக்குழந்தைக்குக் கட்டில் அளவு விரிப்பு எதற்கு? 48 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் தாராளம். சதுரங்களை ஆறு அங்குலமாக்கினால் அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு, ஆக 48 துண்டுகளே. இணைப்புத் தையல் 492 அங்குலம், அடுக்குகளைச் சேர்க்கும் தையல் 492, ஓரம் 168. மொத்தம் 1,152 அங்குலம். பத்தொன்பது மணியும் சற்று அதிகமும். துவைத்தல், வெட்டுதல், அடுக்குதல் இவற்றிற்கு ஐந்து மணி சேர்த்தாலும் இருபத்தைந்துக்குள் அடங்கும். எட்டு வாரத்தில் கடைசி வாரத்தை ஒதுக்கிவிட்டால் அவளிடம் இருப்பது 42 மணி. நோயும் விருந்தும் சங்கத்து அவசர ஆர்டரும் வரத்தான் செய்யும். அவற்றுக்கும் இடம் இருந்தது.

துணி விஷயத்தில் நெசவாளர் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது குறைவு. பழஞ்சேலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊடை தேய்ந்த இடம் தானே தெரியும், அதை விலக்குக. பாவு ஊடைகளின் போக்கிலேயே நேராக வெட்டுக. சாய்வாக வெட்டிய துண்டு இழுபட்டு, சதுரம் சதுரமாக நிற்காது. அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு அதன் அளவிலேயே எல்லாத் துண்டுகளையும் எடுக்க வேண்டும். நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போய் ஆறு அங்குலம் மிஞ்சும்.

சாயத்தைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். சுங்குடி நம் ஊர்ச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் முடிச்சிட்டுச் சாயமேற்றி வளர்த்த துணி. 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பல ஆண்டுகள் உடுத்திய சேலையாயிற்றே, இனியா சாயம் போகும் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு சேலையிலும் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தோம். நீலமும் பச்சையும் தேறின. அரக்குச் சேலை வெள்ளையைச் சிவப்பாக்கியது. அம்மாச்சி திருவிழாக்களுக்கு உடுத்தியது அதுதானாம். ஆறு முறை தனியே அலசினாள். ஆறாம் முறையும் நீர் சிவந்தே வடிந்தது. உப்பு நீரில் ஊற வைத்தால் நிற்கும் என்று பலர் சொல்வர். துணியில் சரியாகப் பற்றாத சாயத்தை உப்பு பற்ற வைப்பதில்லை. பச்சைக் குழந்தையின் உமிழ்நீரும் சிறுநீரும் படும் விரிப்பில் இதை வைக்க முடியாதென்று சொல்ல எனக்கே நாவெழவில்லை. அவளே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஒரு வாரம் அதிலேயே கழிந்தது.

நடுவில் என்ன வைப்பது? போடிப் பக்கத்து இலவம்பஞ்சு தலையணைக்கும் மெத்தைக்கும் மிக நன்று. துவைத்துத் துவைத்துப் போடும் விரிப்புக்கு உதவாது, ஒரு மூலையில் திரண்டுவிடும். பருத்திப் பஞ்சாயின் நெருக்கமான தையல் வேண்டும்; அது புதியவர் கைக்கு எளிதன்று. நம் வெயிலுக்குப் பஞ்சே வேண்டாம். நடுவே ஒரு பழஞ்சேலைத் துணி, அடியில் பழைய நான்கு முழ வேட்டி, இவை போதும். அடித்துணி நான்கு புறமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அந்தக் கூடுதலையே முன்பக்கம் மடித்துத் தைத்தால் அதுவே ஓரமாகிவிடும். தனியே பட்டி வெட்டி வைக்கும் வேலையும் அதில் நேரும் கோணலும் மிச்சம். அடித்துணி புதுத் துணியாயின் முதலில் நனைத்து உலர்த்துக. இல்லையேல் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி விரிப்பு சுருண்டுகொள்ளும்.

துண்டுகளை இணைப்பதைத் தையற்காரரிடம் எந்திரத்தில் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். தவறில்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையல் எந்திரங்கள் வரிசையாக ஓடியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைகள் பின்னர் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறின. நேரம் மிகக் குறைந்தவர்கள் இணைப்பை அவர்களிடம் விட்டு, அடுக்குத் தையலை மட்டும் கையால் போடலாம். பரிசின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. நம் பெண் அதற்கு இசையவில்லை. 492 அங்குலம்தானே என்றாள்.

அடுக்கும் வேலையில் அவசரமே கூடாது. சிமெண்டுத் தரையில் வேட்டியைச் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் இணைத்த துணியை இட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் நீவி, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக நீண்ட தற்காலிகத் தையல் போட வேண்டும். இதில் செலவிடும் இரண்டு மணி நேரம் பின்னால் பிரித்துத் தைக்கும் பத்து மணி நேரத்தைத் தடுக்கும். நிலையான தையலையும் நடுவிலிருந்தே தொடங்குக. ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கங்கள் எல்லாம் நடுவே வந்து கூடிவிடும். நூல் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நூல் முறுக்கிக்கொண்டு நேரத்தைத் தின்னும். எழும்போது ஊசிகளை எண்ணி வைக்கும் பழக்கம் முதல் நாளே வரட்டும். இது குழந்தை படுக்கும் துணி.

எல்லாவற்றினும் முக்கியம் வேலையின் வரிசை. புதியவர்கள் ஒரு மூலையில் தொடங்கி நெருக்கமாக அழகுத் தையல் போட்டுக்கொண்டே போவார்கள். நாள் வந்ததும் பாதி விரிப்பு சித்திரமாகவும் மறுபாதி வெறும் துணியாகவும் நிற்கும். அவ்வாறன்றி, முதலில் இணைப்புக் கோடுகளின் ஓரமாக மட்டும் விரிப்பு முழுவதும் தைத்து, உடனே ஓரத்தையும் மடித்து முடித்துவிட வேண்டும். பஞ்சு இல்லாத மூன்றடுக்குத் துணிக்கு ஆறு அங்குல இடைவெளித் தையல் போதுமான பிடிப்புத் தரும். தற்காலிக நூலை உருவிவிட்டால் அன்றைக்கே அதைப் பரிசாகக் கொடுக்கலாம். அதன்பின் நேரம் கிடைத்த அளவுக்கு ஒவ்வொரு பத்தியிலும் நீளவாட்டில் இரண்டிரண்டு ஊடுவரிசைகள் சேர்க்கலாம். ஆறு பத்திகளுக்குப் பன்னிரண்டு வரிசை, 576 அங்குலம், ஏறத்தாழப் பத்து மணி நேரம். அதுவும் முடியாதோர் சதுரங்களின் நடுவே இரட்டை நூலால் ஒவ்வொரு முடிச்சிட்டு நிறுத்தலாம். முடிச்சை அடிப்பக்கம் இறுக்கி நூலை ஒட்ட நறுக்கிவிட வேண்டும்.

துணைக்கு ஆள் சேர்ப்பதும் பழைய வழியே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் வட்டாரத்துக் கறுப்பினப் பெண்கள் 1966-இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்றொரு கூட்டுறவை அமைத்தார்கள். பெரும்பாலும் ஏழை உழவர் குடும்பத்தினர். அதற்கு முன் அவர்கள் பழைய உடுப்புகளைக் கிழித்துத் தம் வீட்டுக் குளிருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வந்தவர்கள். கூட்டுறவு அமைந்தபின் அந்தப் போர்வைகள் நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்றன; பெரிய கடைகளின் ஆர்டர்களும் வந்தன. 2012 வரை அச்சங்கம் இருந்தது. அந்நாட்டில் ஒரே சட்டத்தைச் சுற்றிப் பல பெண்கள் அமர்ந்து ஒரு போர்வையை முடிப்பது வெகு நாளைய வழக்கம். சங்கத்தின் பெயரிலுள்ள "பீ" அந்தக் கூட்டத்தைக் குறிப்பதே. நம் வீடுகளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் உட்கார்ந்தால் ஊடுவரிசை முழுதும் முடியும். ஆனால் ஒருவர் தையல் மற்றவர் தையல்போல் இராது. ஒரு வரிசையை ஒருவரே தொடங்கி முடிப்பது நன்று.

நம் பெண் அப்படி எவரையும் அழைக்கவில்லை. நான்காம் வாரத்தில் சங்கத்துக்குப் பண்டிகை ஆர்டர் வந்து, ஒன்பது நாட்கள் இரவிலும் தார் சுற்ற நேர்ந்தது. விரிப்பைத் தொடவே இயலவில்லை. வரிசை மாறியிருந்தால் அங்கேயே வேலை நின்றிருக்கும். ஏழாம் வார முடிவில் ஓரம் மடித்தாயிற்று. விரிப்பை அலசி நிழலில் உலர்த்தினோம். இரண்டிடங்களில் தையல் விட்டிருந்தது; மறுபடி போட்டாள். ஒதுக்கி வைத்த கடைசி வாரம் இதற்கே பயன்பட்டது.

கொடுக்கும்போது அவள் தமக்கையிடம் ஒன்று சொல்லிவிட்டாள். இது தரையில் விரித்துக் குழந்தையைக் கிடத்தி, அருகிருந்து பார்த்துக்கொள்வதற்கு. ஒரு வயது நிறையும்வரை உறங்கும் குழந்தையின் மேல் போர்த்துவதும், முகத்தருகே சுருட்டி வைப்பதும் கூடாது, மூச்சுத் திணறக்கூடும்.

பன்னிரண்டு ஊடுவரிசைகளில் அன்று முடிந்திருந்தவை ஐந்து. மீதியை அடுத்த முறை வரும்போது தைத்துத் தருவதாகச் சொல்லி, அதே நூற்கண்டையும் ஊசியையும் உறையிலிட்டுத் தனியே கொடுத்தனுப்பினாள். சித்திரையில் தமக்கை திரும்பி வந்தபோது விரிப்பைப் பார்த்தேன். ஏழு வரிசைகளும் போட்டாயிருந்தன. அவள் தையல் தங்கையின் தையலைவிடச் சற்றே நீளம். அந்த உறையில் நூல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.